காப்புநகலில் வராதவை: கிளவுடில் ஒரு சர்வரை மீட்கும்போது நாம் நிரப்ப வேண்டிய கட்டங்கள்

அலுவலக சர்வர் நின்றுபோய், காப்புநகலிலிருந்து அதைக் கிளவுடில் எழுப்ப வேண்டிய நாளில், 'ரெஸ்டோர்' பொத்தானை அழுத்தியதும் முதலில் கண்முன் வருவது நம் கோப்புகள் அல்ல, ஒரு நீண்ட படிவம். எந்த ரீஜன், எந்த அளவு இயந்திரம், எந்த நெட்வொர்க், எந்த சப்நெட், என்ன ஐ.பி. முகவரி, எந்த வகை டிஸ்க், எந்த செக்யூரிட்டி குரூப் என்று அது கேட்டுக்கொண்டே போகும். முழு இயந்திரத்தையும்தானே காப்புநகல் எடுத்தோம், பிறகு இத்தனை கேள்விகள் எதற்கு என்று புதியவர் குழம்புவது இயல்பு.

காப்புநகல் என்பது டிஸ்க்கின் நகல். இயங்குதளம், மென்பொருள்கள், தரவுத்தளம், பயனர் கணக்குகள், கடவுச்சொற்கள் ஆகிய எல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டிருந்தவை என்பதால் அவை அப்படியே திரும்பி வரும். ஆனால் அந்த சர்வரில் எத்தனை ஜி.பி. ரேம் செருகியிருந்தது, அதன் பின்னால் இருந்த கேபிள் எந்த சுவிட்சுக்குப் போனது, அந்த சுவிட்சுக்கு அப்பால் நின்ற ஃபயர்வால் யாரை உள்ளே விட்டது என்பவை டிஸ்க்கில் இல்லை. சர்வரைச் சுற்றி இருந்தவை. வீடு மாறும்போது பாத்திரம் பண்டங்கள் லாரியில் வந்துவிடும், ஆனால் மின் இணைப்பும் கதவு எண்ணும் வாசல் பூட்டும் லாரியில் வருவதில்லை. படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் அப்படி லாரியில் வராத ஒன்றைப் பற்றியதுதான் என்று புரிந்துகொண்டால், நிரப்புவது பாதி எளிதாகிவிடும்.

கையில் ஓர் உதாரணம் இருப்பது நல்லது. சென்னையில் இருபது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு விண்டோஸ் சர்வர். அதில் கணக்கு மென்பொருளும் பொதுக் கோப்புகளும் இருக்கின்றன. அதன் முகவரி 192.168.1.2. சி டிரைவ் 120 ஜி.பி., டி டிரைவ் 500 ஜி.பி. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நகரத்தின் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, தரைத்தளத்தில் சர்வர் வைத்திருப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்த சர்வரை அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுடில் மீட்பதாகக் கொள்கிறேன். மைக்ரோசாஃப்டின் அஸூர் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

ரீஜன் என்பது ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டி அமைந்த தரவு மையங்களின் தொகுப்பு. ஏ.டபிள்யூ.எஸ். 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் ரீஜன்களைத் திறந்தது. அஸூருக்குப் புனே, மும்பை, சென்னை ஆகிய இடங்களில் ரீஜன்கள் உள்ளன. பக்கத்தில் இருக்கிறதே என்று சென்னையைத் தேர்ந்தெடுக்கக் கை போகும். ஊரை வெள்ளம் சூழ்ந்ததால் மீட்கும் ஒரு சர்வரை அதே ஊரில் வைப்பதா என்று ஒருமுறை யோசிக்கலாம்; தவிர, புனேயில் கிடைக்கும் எல்லா இயந்திர வகைகளும் சென்னையில் கிடைப்பதில்லை. பணப்பரிமாற்றத் தரவுகளைக் கையாளும் நிறுவனமாக இருந்தால் அவை இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவையும் நினைவில் கொள்ள வேண்டும். மற்றபடி, காப்புநகல் எந்த ரீஜனில் கிடக்கிறதோ அங்கேயே மீட்பதுதான் விரைவானது. வேறொரு ரீஜனுக்கு என்றால் முதலில் அது நகலெடுக்கப்பட வேண்டும், அதற்கு நேரமும் ஆகும், கட்டணமும் உண்டு.

இயந்திரத்தின் அளவைக் கேட்கும் கட்டத்தில் பலர் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறார்கள். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் எம் குடும்ப இயந்திரங்களில் ஒரு வி.சி.பி.யூ.வுக்கு, அதாவது கிளவுடில் வாடகைக்குக் கிடைக்கும் செயலியின் ஓர் அலகுக்கு, 4 ஜி.பி. ரேம், சி குடும்பத்தில் 2, ஆர் குடும்பத்தில் 8 என்பது பொதுவான கணக்கு. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகள் கொண்ட பெரும்பாலான இயந்திரங்களில் ஒரு வி.சி.பி.யூ. என்பது செயலியின் முழு கோர் அல்ல, அந்தக் கோர் ஒரே நேரத்தில் கையாளும் வேலைவரிசைகளில் ஒன்றான ஒரு த்ரெட் மட்டுமே என்பதால், நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்ட பழைய சர்வருக்கு நிகர் எட்டு வி.சி.பி.யூ. ஆகும். ஆனால் இருபது பேர் அலுவலகத்தில் அந்த எட்டு த்ரெட்டும் ஒருநாளும் முழுதாக வேலை செய்திருக்காது. டி வகை இயந்திரங்கள் விலை குறைவு. அவை எப்போதாவது வேகமெடுத்து மற்ற நேரங்களில் சும்மா இருக்கும் வேலைகளுக்கானவை. டி3 லார்ஜ் இயந்திரத்துக்கு 2 வி.சி.பி.யூ., 8 ஜி.பி. ரேம் உண்டு, ஆனால் ஒவ்வொரு வி.சி.பி.யூ.விலும் 30 சதவீதம்தான் நிலையான பங்கு. அதற்கு மேல் நெடுநேரம் ஓடினால் கூடுதல் கட்டணம் விழும். இங்கே தவறு செய்தாலும் பரவாயில்லை, இயந்திரத்தை நிறுத்தி அளவை மாற்றி மீண்டும் இயக்க சில நிமிடங்கள் போதும். ஒரே ஒரு தவறுதான் இங்கே ஆகாது: விலைப்பட்டியலில் மலிவாகத் தெரியும் டி4ஜி, எம்6ஜி போன்றவை ஆர்ம் செயலியில் இயங்குபவை. இன்டெல் செயலிக்காக நிறுவிய விண்டோஸ் அவற்றில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

பூட் முறை என்ற கட்டம் சிறியது, ஆனால் முரட்டுத்தனமானது. கணினி இயங்கத் தொடங்கும் விதம் இரண்டு: பழைய பயாஸ் முறை, புதிய யூ.இ.எஃப்.ஐ. முறை. டிஸ்க் எந்த முறைக்காக அமைக்கப்பட்டதோ அந்த முறையில்தான் எழும். அஸூரில் இதையே ஜெனரேஷன் 1, ஜெனரேஷன் 2 என்பார்கள். முதலாவது பயாஸ், இரண்டாவது யூ.இ.எஃப்.ஐ. பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' சாளரத்தைத் திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'லெகசி' என்றோ 'யூ.இ.எஃப்.ஐ.' என்றோ எழுதியிருக்கும். அந்த ஒற்றைச் சொல்லைக் குறித்து வைத்திருப்பவர் பின்னொரு நாள் நள்ளிரவில் ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துவார்.

இதோடு ஒட்டியதுதான் டிரைவர் சிக்கலும். வன்பொருளோடு பேச இயங்குதளத்துக்கு உதவும் சிறு மென்பொருள்தான் டிரைவர். ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் இன்றைய இயந்திரங்கள் டிஸ்க்கை என்.வி.எம்.இ. சாதனமாகவும், நெட்வொர்க்கை இ.என்.ஏ. என்ற அட்டையாகவும் காட்டுகின்றன. உங்கள் பழைய சர்வர் இவற்றைப் பார்த்ததே இல்லை. என்.வி.எம்.இ. டிரைவர் இல்லையென்றால் பூட் டிஸ்க்கைக் காணவில்லை என்ற நீலத்திரையோடு விண்டோஸ் நின்றுவிடும், இ.என்.ஏ. டிரைவர் இல்லையென்றால் இயந்திரம் நன்றாக எழுந்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். காப்புநகல் மென்பொருள்கள் பலவும் மீட்கும்போதே டிரைவர்களைச் செருகிவிடுகின்றன, அதற்கான தேர்வு படிவத்தில் இருந்தால் குறியிட்டுக்கொள்ளுங்கள். அதைவிட நிம்மதியான வழி, சர்வர் நலமாக இருக்கும்போதே இரண்டு டிரைவர்களையும் அதில் நிறுவி வைப்பது. அவை பழைய இயந்திரத்தில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் கிடக்கும்.

டிஸ்க் வகைக்கு ஜி.பி.3 என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான சிறு அலுவலகங்களுக்குப் போதும். அளவு எதுவானாலும் நொடிக்கு 3000 வாசிப்பு எழுத்துச் செயல்களும் 125 எம்.பி. வேகமும் அதில் அடிப்படையாகவே கிடைக்கும். அதற்கு முந்தைய ஜி.பி.2 வகையில் வேகம் அளவைச் சார்ந்தது, ஒரு ஜி.பி.க்கு 3 செயல்கள் என்ற கணக்கு. அதன்படி 120 ஜி.பி. சி டிரைவுக்கு 360தான் நிலையாகக் கிடைக்கும், அவ்வப்போது மட்டும் துள்ளி ஓடும். டிஸ்க்கைப் பின்னர் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது என்பதால் தாராளமாக நிரப்பி வைக்க வேண்டாம்.

மீட்ட முதல் ஒரு மணி நேரத்தில் இயந்திரம் ஆமைபோல நகர்வதைக் கண்டு அளவு போதவில்லை என்று முடிவு கட்டிவிடுவதும் உண்டு. ஸ்னாப்ஷாட் எனப்படும் ஏ.டபிள்யூ.எஸ். டிஸ்க் நகலிலிருந்து உருவாகும் டிஸ்க், பார்வைக்கு உடனே தயாராகிவிட்டாலும், அதன் துண்டுகள் முதன்முறை தொடப்படும்போதுதான் சேமிப்பகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. ஒருமுறை முழுக்க வாசிக்கப்பட்ட பிறகு வேகம் சரியாகிவிடும்.

டி டிரைவ் விஷயத்தில் அஸூர் ஒரு வேடிக்கை செய்யும். அங்கே பல விண்டோஸ் இயந்திரங்களில் தற்காலிக டிஸ்க் ஒன்று டி என்ற எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் போட்டு வைத்தவை, இயந்திரம் முழுதாக விடுவிக்கப்படும்போது போய்விடும். நம் அலுவலகத்தின் 500 ஜி.பி. தரவு டிஸ்க்கோ இ என்ற எழுத்தில் வந்து நிற்கும். கணக்கு மென்பொருள் டி டிரைவில் தேடி ஏமாறும். இதற்குத் தற்காலிக டிஸ்க் இல்லாத அளவைத் தேர்ந்தெடுப்பதே எளிய தீர்வு. சில சமயம் தரவு டிஸ்க் எந்த எழுத்தும் இல்லாமல் 'ஆஃப்லைன்' நிலையில் இருக்கும்; டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் போதும், தரவு எங்கும் போயிருக்காது.

முகவரியும் வாசலும்

உண்மையான வேலை நெட்வொர்க் கட்டங்களில்தான் இருக்கிறது. மீட்ட சர்வர் ஓடுகிறது என்று திரை காட்டியும் ஒருவராலும் அதைத் தொட முடியாமல் போன அனுபவங்களில் பெரும்பாலானவை இங்கே செய்த தவறால் வந்தவை.

கிளவுடில் உங்களுக்கென்று ஒதுக்கப்படும் தனி நெட்வொர்க்கை ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் வி.பி.சி. என்றும், அதற்குள் பிரிக்கும் பகுதிகளை சப்நெட் என்றும் சொல்வார்கள். நீங்களாக எதையும் உருவாக்காவிட்டால், முன்பே இருக்கும் 172.31 என்று தொடங்கும் வி.பி.சி.யைப் படிவம் நிரப்பி வைத்திருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் 192.168.1.2 ஆக இருந்த உங்கள் சர்வர் 172.31 என்று தொடங்கும் ஏதோ ஒரு முகவரியில் எழும். இருபது கணினிகளிலும் கணக்கு மென்பொருளுக்குள் 192.168.1.2 என்று எண்ணாகவே எழுதி வைத்திருந்தால், இருபதிலும் உட்கார்ந்து மாற்ற வேண்டும். பெயரால் அழைக்கும்படி வைத்திருந்தால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பட்டியலில் பதிவு ஒன்றை மாற்றினால் முடிந்தது.

அப்படியானால் 192.168.1 வரிசையிலேயே ஒரு வி.பி.சி. உருவாக்கி, பழைய முகவரியையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்கலாம், இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கு முகவரிகளையும் கடைசி ஒன்றையும் ஏ.டபிள்யூ.எஸ். தனக்கென்று வைத்துக்கொள்கிறது. 256 முகவரிகள் கொண்ட 192.168.1 சப்நெட்டில் 0, 1, 2, 3, 255 ஆகியவை போய், 251 மட்டுமே நமக்கு. நம் அலுவலகத்தைப் போல் ரௌட்டருக்கு 1, சர்வருக்கு 2 என்று கொடுக்கும் வழக்கம் ஊரெல்லாம் இருப்பதால், மீட்கும் நாளில் அந்த 2 கிடைக்காது என்பது பலருக்கும் அப்போதுதான் தெரியவரும். அஸூரிலும் இதே ஐந்து முகவரிகள் ஒதுக்கப்பட்டவை. சர்வருக்கு முதலிலேயே 10 அல்லது 50 என்று கொடுத்து வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

இரண்டாவது தடை, அலுவலகம் இன்னும் உயிரோடு இருப்பது. சர்வர் மட்டும் கெட்டு, மற்றக் கணினிகள் அலுவலகத்திலேயே 192.168.1 வரிசையில் இருந்து, வி.பி.என். என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாகக் கிளவுடுக்கு வர வேண்டுமென்றால், இரு பக்கமும் ஒரே வரிசை இருக்கக் கூடாது. ஒரு கணினி 192.168.1.10ஐத் தேடினால் அதைத் தன் அறைக்குள்ளேயே தேடுமே தவிர வி.பி.என். வழியாக அனுப்பாது. எனவே அலுவலகமே போய்விட்டால் பழைய வரிசை, அலுவலகம் இருக்கிறதென்றால் புதிய வரிசை என்று கொள்வது என் வழக்கம்.

முகவரியைப் படிவத்தில்தான் கொடுக்க வேண்டும், இயந்திரத்துக்குள் டி.எச்.சி.பி. முறையில் தானாகப் பெறும்படி விட வேண்டும். விண்டோஸ், புதிய நெட்வொர்க் அட்டையைப் புதியதாகவே பார்ப்பதால் பெரும்பாலும் தானாகவே அந்த முறைக்கு வந்துவிடும். லினக்ஸ் சர்வர்கள் அப்படியல்ல. பழைய அட்டையின் பெயரைச் சொல்லி அதற்கு நிலையான முகவரி என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கும். கிளவுடில் அட்டையின் பெயரே வேறு என்பதால் எந்த முகவரியும் இல்லாமல் இயந்திரம் எழும். அப்போது கன்சோலில் 'ரன்னிங்' என்று பச்சையாகத் தெரிந்தாலும், அதற்குப் பக்கத்தில் உள்ள நிலைச் சோதனை தோல்வி என்று காட்டும். அந்த வேறுபாட்டைக் கண்டவுடன், ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் இயந்திரத்தின் திரையைப் படமெடுத்துக் காட்டும் வசதியையோ, அஸூரில் பூட் டயக்னஸ்டிக்ஸையோ திறந்து பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும். லாகின் திரை தெரிந்தால் சிக்கல் நெட்வொர்க்கில். நீலத்திரை தெரிந்தால் டிரைவரில்.

செக்யூரிட்டி குரூப் என்பது இயந்திரத்தின் வாசல் காவல். புதிதாக உருவாக்கினால் வெளியே போகும் எல்லாவற்றையும் அனுமதித்து, உள்ளே வரும் எதையும் தடுக்கும். தொலைவிலிருந்து விண்டோஸ் திரையைத் திறக்க 3389 என்ற போர்ட்டையும் (இணைப்பு வந்து சேரும் வாசலின் எண்), லினக்ஸுக்கு 22ஐயும் திறக்க வேண்டும். யாருக்குத் திறப்பது என்ற இடத்தில் 0.0.0.0/0 என்று கொடுத்தால் உலகம் முழுவதற்கும் என்று பொருள். அவசரத்தில் அதைத்தான் கொடுக்கத் தோன்றும். ஆனால் மீட்ட இயந்திரம் புதிய இயந்திரத்தைவிட நோஞ்சான் என்பதை மறக்கக் கூடாது: இரண்டு மாதத்துக்கு முந்தைய காப்புநகல் என்றால் இரண்டு மாதப் பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் இல்லை, இடையில் வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அதில் இன்னும் திறந்தே இருக்கும். உங்கள் அலுவலக அல்லது வீட்டு இணைப்பின் முகவரிக்கு மட்டும் திறந்து, திருத்தங்களைப் போட்ட பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில்

'மீட்டதும் தானாக இயக்கு' என்ற சிறு சதுரம் பல காப்புநகல் மென்பொருள்களில் உண்டு. ஒத்திகைக்காக மீட்கும்போது அதில் உள்ள குறியை எடுத்துவிடுவது நல்லது. ஏனென்று ஒருமுறை நன்றாகவே கற்றுக்கொண்டேன். மருந்து விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்காக ஒரு சனிக்கிழமை மாலை சோதனையாக சர்வரை மீட்டு, லாகின் திரை வந்ததும் மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த சர்வருக்குத் தான் ஒத்திகைக்காக எழுப்பப்பட்டது தெரியாதல்லவா? திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வழக்கம்போலப் பாக்கி நினைவூட்டல் குறுஞ்செய்திகளை அதுவும் அனுப்பியது. அலுவலகத்தில் இருந்த அசலும் அனுப்பியது. நகலில் இருந்தவை பழைய பாக்கிகள். சென்ற வாரமே பணம் கட்டிவிட்ட மருந்துக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் வந்தார்கள்.

அன்றிலிருந்து ஒத்திகை மீட்புகளுக்கென்று இணையத்துக்கு வழியே இல்லாத தனி சப்நெட் ஒன்றை வைத்திருக்கிறேன். அதற்குரிய செக்யூரிட்டி குரூப்பில் வெளியே போகும் அனுமதியையும் நீக்கிவிடுவேன். அங்கே எழும் நகல் எவ்வளவு துடித்தாலும் அதன் குரல் வெளியே கேட்காது.

கடிகாரமும் சாவியும்

கடிகாரம் ஒரு சிறு விஷயம்போலத் தெரியும். விண்டோஸ், வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று நம்பும், ஏ.டபிள்யூ.எஸ். இயந்திரங்களின் கடிகாரமோ உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதனால் மீட்ட சர்வர் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்கி எழக்கூடும். அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைனில் உள்நுழைய உதவும் கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறை வழக்கமாக 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காது என்பதால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே விடாது. நேர ஒத்திசைவுக்கு ஏ.டபிள்யூ.எஸ். கொடுத்திருக்கும் 169.254.169.123 என்ற முகவரியை அமைத்துவிட்டால் தீர்ந்தது.

சாவி விஷயத்தில், படிவத்தில் தேர்ந்தெடுக்கும் கீ பேர் என்ற மின்னணுச் சாவி இணை உங்கள் பழைய விண்டோஸுக்குள் புதிய கடவுச்சொல்லை வைத்துத் தந்துவிடும் என்று நம்ப வேண்டாம். கதவைத் திறப்பது பழைய கடவுச்சொல்தான். டொமைனை நடத்தும் வேறொரு சர்வரை, அதாவது டொமைன் கன்ட்ரோலரை, சார்ந்த சர்வராக இருந்தால், டொமைனுக்கும் அதற்கும் இடையே உள்ள கணினிக் கடவுச்சொல் வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறும். அதைவிடப் பழைய காப்புநகல் என்றால் டொமைன் அதை அடையாளம் காண மறுக்கலாம். அப்போது உள்ளே நுழைய ஒரே வழி உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அதன் கடவுச்சொல்லை, அந்த சர்வரிலேயே உள்ள ஓர் எக்செல் கோப்பில் எழுதி வைத்திருக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உரிமம் பற்றியும் ஒரு சொல். சர்வரோடு சேர்த்து வாங்கிய ஓ.இ.எம். விண்டோஸ் உரிமம் அந்த வன்பொருளோடு கட்டுண்டது, கிளவுடுக்கு வராது. எனவே உரிமக் கட்டணம் வாடகையிலேயே சேர்ந்திருக்கும் தேர்வைக் குறிக்க வேண்டும். வன்பொருளின் அடையாளத்தைப் பார்த்து இயங்கும் கணக்கு மென்பொருள்களும் புதிய இயந்திரத்தில் மறுபடி உரிமம் கேட்கும். அந்த உரிம எண்ணும் பதிவு செய்த மின்னஞ்சலும் கையில் இருக்கட்டும்.

ஒத்திகை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் கட்டணமும் நின்றுவிடும் என்று நினைப்பது பாதி சரி. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் நிறுத்திய இயந்திரத்துக்கு இயக்க வாடகை இல்லை, ஆனால் 620 ஜி.பி. டிஸ்க்குக்கு மாத வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். நிலையான பொது ஐ.பி. முகவரி ஒன்றை எடுத்து வைத்திருந்தால், பயன்படுத்தினாலும் சும்மா கிடந்தாலும், 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 0.005 டாலர் தனி. அஸூரில் விண்டோஸுக்குள்ளிருந்தே 'ஷட் டவுன்' கொடுத்தால் இயக்க வாடகைகூட நிற்காது; போர்ட்டலில் போய் நிறுத்தி, 'டீஅலோகேட்டட்' என்று நிலை மாறியதைப் பார்க்க வேண்டும். ஒத்திகைக்காக எழுப்பியதை முழுதாக நீக்கும்போது, இயந்திரம் போன பிறகும் டிஸ்க்குகளின் பட்டியலையும் முகவரிகளின் பட்டியலையும் தனித்தனியே திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். தரவு டிஸ்க் பல நேரங்களில் தனியாக அங்கேயே தங்கிவிடுகிறது.